பேஸ் கிட்டாரோடு ராக் பேண்டுக்குள் நுழையும் முன் யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

ராக் பேண்டில் பேஸ் வாசிக்கிற பலர் பேஸ் வாசிக்க வேண்டும் என்று கிளம்பி வந்தவர்கள் அல்ல. பேண்டில் ஏற்கெனவே இரண்டு கிட்டார் இருக்கும், பேஸுக்கு ஆள் இருக்காது, யார் தலையிலாவது அது வந்து விழும். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி, 1961-இல் அந்த பேண்டின் பேஸிஸ்ட் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியதும் பேஸுக்கு மாறியவர். நோயல் ரெட்டிங் 1966-இல் கிட்டாருக்கு ஆடிஷன் கொடுக்கப் போய் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் பேஸிஸ்ட் ஆனவர். லெம்மி 1971-இல் ஹாக்விண்ட் பேண்டில் சேரும்வரை கிட்டாரிஸ்ட்தான். நான் வந்ததும் அதே வழி. அப்படி வருகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது ஒன்றே ஒன்று: “நாலு கம்பிதானே, சுலபம்.” அந்தப் பேச்சு தின்ற காசும் காலமும் கொஞ்சமல்ல, நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாமல் ஒவ்வொன்றையும் காசு கொடுத்தே கற்க வேண்டியிருந்தது. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் செலவு கருவி. சாதாரண பேஸின் ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் பகுதியின் நீளம், 34 அங்குலம். எலெக்ட்ரிக் கிட்டாரில் 25.5 அங்குலம். இது கைக்கு என்ன செய்கிறது என்றால், கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் (நெக் என்ற கழுத்தில் பதித்த உலோகக் கோடும் அதற்கு முந்தைய கட்டமும்) அகலம் சுமார் 36 மில்லிமீட்டர், பேஸில் 48. நாலு விரலை நாலு ஃப்ரெட்டில் விரித்து வைக்கும் கிட்டார் பழக்கம் நெக்கின் தலைப்பக்கப் பகுதியில் செல்லாது. சின்னக் கை என்றால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸைத் தயங்காமல் வாங்கலாம். அது சிறுவர்களுக்கானது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம், மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் ஷார்ட் ஸ்கேல்தான். ராக்குக்கு எந்த மாடல் என்று குழம்பினால் பிரசிஷன் வகையில் ஒன்றை எடுங்கள். 1951-இல் ஃபெண்டர் கொண்டுவந்த வடிவம், 1957-இல் அதற்கு இரண்டாகப் பிளந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) வந்தது, இன்றுவரை சவுண்டு எஞ்சினியர்கள் அதைப் பார்த்ததும் நிம்மதியடைகிறார்கள். அந்தப் பிளந்த பிக்கப் இரைச்சலைத் தானே அடக்கிவிடும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸின் நெக் மெலிது, நட்டில் (தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் கட்டை) 38 மில்லிமீட்டர்தான். ஆனால் அதன் இரண்டு பிக்கப்பில் ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் ‘உம்’ என்று இரையும்.

பழைய பேஸ் வாங்குவது நல்ல முடிவு, ஆனால் நாலு விஷயம் பார்க்காமல் காசைக் கொடுக்கக்கூடாது. ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்தும் உலோகத் தண்டு) இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று விற்பவர் எதிரிலேயே பார்க்க வேண்டும். இறுகிப்போன ட்ரஸ் ராட் என்றால் நெக்கையே மாற்ற வேண்டி வரலாம். நாலு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஆம்பில் போட்டு வாசியுங்கள். ஏதோ ஒரு ஃப்ரெட்டில் மட்டும் சத்தம் பொட்டென்று அடங்கினால் ஃப்ரெட் மேலெழும்பியிருக்கிறது அல்லது அந்த இடமே ‘டெட் ஸ்பாட்’. பிரசிஷன், ஜாஸ் வகைகளில் மிக மெல்லிய ஜி கம்பியின் ஐந்து, ஆறு, ஏழாவது ஃப்ரெட்டுகளில் டெட் ஸ்பாட் சகஜம், அதற்காகப் பயப்பட வேண்டாம். மூன்றாவது, வால்யூம் நாப்பைத் திருப்பும்போது கரகரக்கிறதா என்பது. அது சின்ன வேலை, விலை குறைக்கக் கேட்கலாம். நான்காவதுதான் பலர் விடுவது. ஸ்ட்ராப்பில் மாட்டி நின்று கையை எடுத்துப் பாருங்கள். நெக் தரையை நோக்கிச் சாய்ந்தால் அந்தக் கனத்தை ஒவ்வொரு பிராக்டீஸிலும் இடது கைதான் தாங்கும், மணிக்கட்டு போய்விடும்.

வாங்கியதும் சத்தம் சரியில்லை என்று தோன்றும். இங்கேதான் பிக்கப் மாற்று, பிரிட்ஜ் (உடல்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்) மாற்று என்று காசு பறக்கும். கடைக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள். பெரும்பாலான சமயம் குறை செட்டப்பில், அதாவது நெக்கையும் கம்பியையும் சரிப்படுத்திய விதத்தில் இருக்கிறது, அதை வீட்டிலேயே செய்யலாம். வரிசை மாறக்கூடாது. முதலில் புதுக் கம்பி போட்டு, வாசிக்கப்போகிற சுருதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு நெக் வளைவு: மிகத் தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் அளவில், ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற மாதிரி இருந்தால் போதும். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராட்டைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று மட்டும் திருப்பி, மறுபடி சுருதி சேர்த்து, கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் முழுச் சுற்று திருப்புகிறவர்கள்தான் ராடை உடைக்கிறார்கள். அதற்கு அடுத்ததுதான் கம்பியின் உயரம்: பதினேழாவது ஃப்ரெட்டில் ஈ கம்பிக்கு 2.4 மில்லிமீட்டர், ஜி கம்பிக்கு 2 மில்லிமீட்டர் என்று ஆரம்பிக்கலாம். பலமாக அடித்து வாசிக்கிறவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருப்பதே நல்லது. பிறகு இன்டொனேஷன், அதாவது நெக் முழுக்கச் சுருதி சரியாக நிற்பது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் தொட்டு மட்டும் எழுப்பும் ஒலி), அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறிக் காட்டினால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னால் தள்ள வேண்டும், இறங்கிக் காட்டினால் முன்னால். பிக்கப் உயரம் கடைசி. உயரத்தை முதலில் மாற்றிவிட்டு வளைவுக்கு வந்தால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. 45, 65, 85, 105 (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் கம்பிகளின் தடிமன்) என்ற செட் வழக்கமான சுருதிக்கும் டிராப் டி-க்கும் (ஈ கம்பியை மட்டும் டி-க்கு இறக்குவது) தாங்கும். அதற்குக் கீழே சி, பி என்று இறங்குகிற பேண்டில் அதே கம்பியைத் தளர்த்தினால் லொடலொடவென்று ஆடும், சுருதி நிற்காது. ஐந்து கம்பி செட் வாங்கி அதில் பி, ஈ, ஏ, டி நான்கையும் போடலாம். நட்டின் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், செட்டப்பையும் திரும்பச் செய்ய வேண்டும். வெட்டும்போது சுற்றும் பெக்கைத் தாண்டி பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டு, வெட்டும் இடத்துக்கு முன்பே கம்பியை மடக்கிவிட்டு வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல் சுற்று அவிழ்ந்து கம்பி செத்துப்போகும், ஒரு கம்பி விலை வீண். ராக் என்றால் ரவுண்ட்வௌண்ட் (மேல் சுற்று உருண்டையான, சொரசொரப்பான கம்பி) தான் என்பதும் சட்டமல்ல. அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் மேல் சுற்று தட்டையான ஃப்ளாட்வௌண்டில்தான் அந்தக் குதிரைப் பாய்ச்சல் தாளத்தை வாசிக்கிறார்.

கை வலி வந்தால் அது வளர்ச்சியின் அறிகுறி என்று சொல்கிறவர்களிடமிருந்து விலகியிருங்கள். விரல் நுனி எரிவது சரி. மணிக்கட்டிலோ முழங்கையின் உள்பக்கமோ குத்தல், இரவில் விரல் மரத்துப்போவது, இவை தசைநாணும் நரம்பும் கேட்கிற ஓய்வு. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: பேஸை முழங்கால்வரை இறக்கி மாட்டியிருப்பது, கட்டைவிரலால் நெக்கை இறுக்கிப் பிடிப்பது, தேவைக்கு இரண்டு மடங்கு அழுத்துவது. உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் எங்கே இருக்கிறதோ, நின்றாலும் அங்கேயே இருக்கும்படி ஸ்ட்ராப்பை ஏற்றுங்கள். விரலை ஃப்ரெட் உலோகத்துக்கு ஒட்டிப் பின்னால் வைத்தால் பாதி அழுத்தம் போதும். ஐந்தாவது ஃப்ரெட்டுக்குக் கீழே ஆள்காட்டி விரல், நடுவிரல், பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒன்று என்று மூன்று ஃப்ரெட்டுக்கு மட்டும் கையை வையுங்கள். டபுள் பேஸ்காரர்களின் பழைய முறை இது. ஸ்ட்ராப்பின் அகலம் எட்டு சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. நாலு கிலோ கருவி இரண்டு மணி நேரம் தோளில் தொங்கப்போகிறது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் அதிக காலம் பிடித்தது. பேஸில் சுரம் எப்போது ஆரம்பிக்கிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள், எப்போது முடிகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் ஓடும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு 500 மில்லிசெகண்ட். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்றாவது, மூன்றாவது அடியிலும், ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) இரண்டிலும் நாலிலும் விழுகிறது. நீங்கள் ஒன்றிலும் மூன்றிலும் ஏ சுரத்தை வாசிக்கிறீர்கள். ஸ்னேர் விழும் கணத்தில் சரியாக அந்தச் சுரத்தை நிறுத்திப் பாருங்கள்; ஸ்னேர் திடீரென்று பெரிதாகிவிடும், டிரம்மர் கூடுதலாக அடிக்கவே இல்லை. அதே சுரத்தை ஸ்னேர்மேல் கொஞ்சம் வழியவிடுங்கள். பாட்டு கனமாகி நகர மறுக்கும். அடுத்து, பாதி அடியிலேயே வெட்டிப் பாருங்கள், பாட்டு துள்ளும். மூன்று தடவையும் ஒரே சுரம், ஒரே இடம், நீளம் மட்டும் வேறு. பாட்டின் ‘வெர்ஸ்’ ஒரு நீளம், ‘கோரஸ்’ ஒரு நீளம் என்று முடிவு செய்து வாசிக்கிற பேஸிஸ்டைத்தான் பேண்டுகள் விடமாட்டார்கள்.

நிறுத்துவதற்குக் கை வேலை வேண்டும். இடது விரலை ஃப்ரெட்டிலிருந்து தூக்காமல் அழுத்தத்தை மட்டும் விட்டுக் கம்பிமேலேயே வைத்திருப்பது ஒரு வழி. தூக்கினால் திறந்த கம்பி முனகும். வாசிக்காத கம்பிகளை வலது கட்டைவிரல் அடக்க வேண்டும்: டி, ஜி கம்பிகளுக்குப் போகும்போது கட்டைவிரல் ஈ மேலும் ஏ மேலும் நகர்ந்து வர வேண்டும். வீட்டில் சின்ன ஆம்பில் இந்த முனகல் கேட்காது. பெரிய ஸ்பீக்கரில் ஈ கம்பி தானாக அதிர்ந்து மொத்த மேடையையும் குழப்பும்.

மெட்ரோனோமை ஒவ்வொரு அடிக்கும் ஒலிக்கவிட்டுப் பழகுவது ஆரம்பத்துக்கு மட்டும். 120 வேகப் பாட்டுக்கு 60-இல் வைத்து, அந்த ஒலியை இரண்டு, நாலு என்று எண்ணுங்கள், ஸ்னேர் மாதிரி. அது கைக்கு வந்த பிறகு 30-இல் வைத்து, ஒரு ஆவர்த்தத்துக்கு ஒரே ஒலி. நடுவில் உள்ள மூன்று அடியையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும், எங்கே ஓடுகிறீர்கள் என்பது அப்போது அப்பட்டமாகத் தெரியும். ஃபில் (பகுதிகளை இணைக்கும் சின்ன அலங்காரம்) வாசிக்கும்போது முந்துவதும், மெதுவான பாட்டில் தேங்குவதும்தான் பொதுவான நோய். பிறகு டிரம்மரோடு மட்டும் தனியாக உட்காருங்கள், கிட்டார் இல்லாமல், பாடகர் இல்லாமல். கிக்கின் ‘டக்’கும் உங்கள் கம்பியின் ‘டும்’மும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். 30 மில்லிசெகண்ட் தள்ளினாலே இரண்டாகப் பிரிந்து கேட்கும். ஒலி ஒரு மீட்டர் நகர மூன்று மில்லிசெகண்ட் எடுக்கிறது என்பதால், பத்து மீட்டர் தள்ளி நிற்பதே அந்த 30-ஐத் தின்றுவிடும். மேடையில் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு) பக்கம், டிரம்மரின் கால் தெரிகிற தூரத்தில் நில்லுங்கள்.

அடுத்த ஏமாற்றம் டோன். தனியாக வாசிக்கும்போது அழகாக இருந்த சத்தம் பேண்டில் சேர்ந்ததும் காணாமல் போகும், மனசு உடைந்துபோகும். காரணம், தனியாக இருக்கும்போது நாம் எல்லோரும் பேஸ் (அடிச்சத்தம்), ட்ரெபிள் (மேல்சத்தம்) நாப்களை ஏற்றி மிட்டை (நடுச்சத்தம்) இறக்கி வைக்கிறோம். திறந்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ், அதைச் சின்ன ஸ்பீக்கர்கள் காட்டுவதே இல்லை; காது பிடித்துக்கொள்வது அதற்கு மேலே உள்ள 80 முதல் 160 வரையிலான பகுதியையும், சுரம் எது என்று தெளிவாகச் சொல்லும் 700 முதல் 1,000 வரையிலான பகுதியையும்தான். அந்த இரண்டாவது பகுதியைத்தான் இறக்கிவிட்டிருப்போம். அதை ஏற்றுங்கள், 250 பக்கம் கொஞ்சம் குறையுங்கள். தனியே கேட்டால் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும், பேண்டுக்குள் அதுதான் கேட்கும். கிட்டாரிஸ்டிடம் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைக்கச் சொல்லுங்கள். சண்டை வரும், ஆனால் ஒரு தடவை ஒலிப்பதிவு செய்து இரண்டையும் போட்டுக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள். டிஸ்டார்ஷன் பெடல் வாங்கினால் சுத்தமான சத்தத்தையும் சேர்த்துக் கலக்கும் ‘பிளெண்ட்’ நாப் உள்ளதாக வாங்குங்கள். அது இல்லாத பெடல் அடிச்சத்தத்தை உறிஞ்சிவிடும்.

ஆம்பில் இழக்கும் காசு பெரிய காசு. கிட்டார் ஆம்பில் பேஸைப் போட்டு வீட்டுச் சத்தத்தில் வாசிக்கலாம், டிரம்மோடு போட்டி போடும் சத்தத்தில் வாசித்தால் ஸ்பீக்கர் கிழியும். ஸ்பீக்கரின் கூம்பு (கோன்) அவ்வளவு தூரம் முன்னும் பின்னும் நகர்வதற்குச் செய்யப்பட்டதல்ல. வாட்ஸ் இரண்டு மடங்கானால் கூடுவது மூன்று டெசிபெல்தான், ஆகவே 250-ஐ விற்று 500 வாங்குவதைவிட இன்னொரு கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) சேர்ப்பது அதிகம் கேட்கும். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட் வால்வ் ஆம்பும் எட்டு ஸ்பீக்கர் கேபினட்டும் ராக்கின் அடையாளம்தான், ஆனால் அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இன்றைய கிளாஸ் டி ஆம்புகள் மூன்று கிலோவுக்குள் அதைவிட அதிக வாட் தருகின்றன. ஓம் கணக்கு தெரியாமல் கேபினட்டை இணைக்காதீர்கள்: 8 ஓம் இரண்டு சேர்ந்தால் 4 ஓம், 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். ஆம்பின் பின்னால் குறைந்தபட்சம் 4 என்று போட்டிருந்தால் 2-இல் ஓட்டக்கூடாது, சூடேறி அணையும் அல்லது எரியும். வால்வ் ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யவே கூடாது. ஆம்புக்கும் கேபினட்டுக்கும் நடுவே ஸ்பீக்கர் கேபிள்தான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கிட்டார் கேபிளின் உள் கம்பி மெல்லியது, அந்த மின்னோட்டம் தாங்காது.

நீங்கள் கேட்பதும் கூட்டம் கேட்பதும் ஒன்றல்ல. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். ஆம்பின் முன்னால் ஒட்டி நின்றால் சத்தம் முழங்காலுக்குப் போகும், காதுக்கு வராது, நீங்கள் ஏற்றிக்கொண்டே போவீர்கள், பின்வரிசை நடுங்கும். ஆம்பைச் சாய்த்தோ ஒரு பெட்டிமேல் தூக்கியோ வையுங்கள், மூலையில் வைக்காதீர்கள். கூட்டத்துக்குப் போவது டி.ஐ. பாக்ஸ் (பேஸின் சத்தத்தை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) வழியாக. சொந்தமாக ஒன்று வைத்திருங்கள். ஆம்பின் டி.ஐ. என்றால் ‘ப்ரீ’ பொத்தானில் வையுங்கள், அப்போது மேடைக்காக நாப்பைத் திருப்பினாலும் வெளிச்சத்தம் மாறாது. இரைச்சல் வந்தால் டி.ஐ. பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை மட்டும் தொடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் பழக்கம் சில மேடைகளில் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். 1972-இல் ஸ்டோன் த க்ரோஸ் பேண்டின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். மைக்கில் உதடு பட்டு ‘சுர்’ரென்றால் அந்த இடத்திலேயே வாசிப்பை நிறுத்துங்கள்.

ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் மின்சுற்று உள்ளது) என்றால் ஜாக்கைச் செருகியதுமே உள்ளே உள்ள 9 வோல்ட் பேட்டரி ஓட ஆரம்பிக்கும். இடைவேளையில் கேபிளைக் கழற்றி வையுங்கள். பேட்டரி இறங்கினால் சத்தம் முதலில் கரகரக்கும், பிறகு போய்விடும், அதுவும் பாட்டின் நடுவில்.

காது. 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பாதுகாப்புக் கணக்கு, ஒவ்வொரு மூன்று டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் பதினைந்தே நிமிடம். டிரம் உள்ள சின்ன அறையில் 100 சாதாரணம். பஞ்சு போன்ற அடைப்பான் மேல் சத்தத்தை மட்டும் அடக்கிப் பேஸைக் குழம்பாக்கும், அதனால்தான் பலர் கழற்றி எறிகிறார்கள். இசைக்கலைஞர்களுக்கான, எல்லா அலைவரிசையையும் சமமாகக் குறைக்கும் அடைப்பான் வாங்குங்கள், அதுவும் முதல் பெடல் வாங்கும் முன்பே. காதில் ‘கீ’ என்ற ஒலி ஒரு தடவை தங்கிவிட்டால் பல பேருக்கு அது போவதில்லை.

ஆடிஷனில் யாரும் வேகமான ஸோலோவைக் கேட்பதில்லை. கொடுத்த பாட்டுகளின் அமைப்பை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: இன்ட்ரோ நாலு ஆவர்த்தம், வெர்ஸ் எட்டு, எங்கே எல்லோரும் நிறுத்துகிறார்கள், முடிவில் எந்தச் சுரம். ரெக்கார்டிங்கில் எந்த சுருதி என்று முன்கூட்டியே கேளுங்கள். பாடகருக்காக அரை சுரம் இறக்கி வாசிக்கும் பேண்டுகள் ஏராளம். பையில் இரண்டு கேபிள், ட்யூனர், பேட்டரி, ஒரு செட் கம்பி, ஆம்புக்கு ஃப்யூஸ், ஆலன் கீ. ரெக்கார்டிங் என்றால் கம்பியை முந்தின நாளே மாற்றி இழுத்து நிலைக்க வையுங்கள், ஒவ்வொரு டேக்குக்கும் முன் சுருதி பாருங்கள். ஆம்ப் மைக்கோடு சுத்தமான டி.ஐ. டிராக்கும் தனியாகப் பதிவாக வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், பிறகு டோன் பிடிக்கவில்லை என்றால் அது ஒன்றுதான் காப்பாற்றும்.

பணப் பேச்சை நட்பு கெட்டுவிடும் என்று தள்ளிப்போடுவார்கள், பேசாததால்தான் நட்பு கெடுகிறது. பாட்டின் படைப்புரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. பாட்டெழுத்து என்றால் மெட்டும் வரியும்தான் என்று பல பேண்டுகள் எடுத்துக்கொள்ளும். நீங்கள் உருவாக்கிய பேஸ் வரிதான் அந்தப் பாட்டின் முகம் என்றாலும், முன்பே ஒப்புக்கொள்ளாவிட்டால் அதற்கு ஒரு பங்கும் வராமல் போகலாம். மாதக்கணக்கில் சேர்ந்து உழைத்த பாட்டில் தன் பெயர் இல்லாததைப் பார்ப்பது மிகவும் வலிக்கும். ஆகவே முதல் ரெக்கார்டிங்குக்கு முன் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: ஒவ்வொரு பாட்டிலும் யாருக்கு எவ்வளவு சதவீதம், பிராக்டீஸ் அறை வாடகையும் போக்குவரத்தும் கழித்த பிறகா முன்பா பங்கு பிரிப்பது, பொதுப் பணத்தில் வாங்கிய ஆம்ப் யாருடையது, ஒருவர் விலகினால் அவர் வாசித்த ஒலிப்பதிவில் அவருடைய பங்கு தொடருமா, பேண்டின் பெயர் யாரிடம் நிற்கும். ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.